முதலாளியின் டீசல் கம்பு

எங்க மொதலாளிக்குப் பெத்த பிள்ளை மேல இல்லாத நம்பிக்கை ஒரு சவுக்குக் கம்பு மேல. அதுல கத்தியால வரிசையா வெட்டுப் போட்டிருப்பான். மீன்புடி போட்டு கரைக்கு வந்ததும் மீனைப் பாக்க மாட்டான், ஆளைப் பாக்க மாட்டான். நேரே டேங்குக்குள்ள கம்பை விட்டு மிச்ச டீசலை அளப்பான். பெறவுதான் மீனை இறக்க விடுவான். மீன் இறங்குத நேரத்துல டிரைவர் டீசலை உறிஞ்சி வித்துருவானாம். அந்த டிரைவர் நான்.

டேங்கு மூடி இடது ஓரத்துல இருக்கு. மத்த நாள் ரெண்டு பக்கமும் சமமா அடுக்கி வருவோம். அன்னைக்கு நல்ல மீன்பாடு, பிரிச்சு அடுக்க நேரமில்லாம பெட்டியெல்லாம் வலது பக்கம் கிடந்துது. போட்டு அங்கன சாஞ்சா டீசலும் அங்கனதானே ஓடும்? "மீனை இறக்கிட்டு அளங்க மொதலாளி"ன்னேன். கேக்கல. பாதி நனைஞ்ச கம்பை ஏலம் எடுக்க வந்த கூட்டத்துக்கு முன்னால தூக்கிக் காட்டி, "பாத்தியளா, களவாணிப் பய எவ்வளவு குடிச்சிருக்கான்னு" என்றான். அங்கனயே வேலை போச்சு. கூட கடலுக்கு வந்தவனுவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு மீனை இறக்கப் போனானுவ.

பெறவு எந்த போட்டுலயும் என்னை டிரைவரா ஏத்தல. வேற ஒருத்தர் போட்டுல வலை இழுக்கப் போனேன்.

கொஞ்ச நாள்ல நடுக்கடல்ல பழைய மொதலாளி போட்டு நின்னு கிடக்கு. சட்டையைக் கழத்தி ஆட்டுதானுவ. கிடந்து சாவுங்கலேன்னுதான் தோணிச்சு, மறைக்க என்ன இருக்கு. ஆனாலும் நாந்தான் கயிறு கட்டினேன். புது டிரைவர், "புறப்படும்போது ஐஸெல்லாம் இடப்பக்கம் கிடந்துதுண்ணே. கம்பு கூடுதலா காட்டிச்சு. போதும்னு மொதலாளி டீசல் அடிக்க விடல"ன்னான்.

கரைக்கு இழுத்துட்டு வந்தோம். மொதலாளி வெக்கப்படுவான்னு நெனச்சேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்.

"எங் கம்பு பொய் சொல்லாது. இந்தக் களவாணி போவும்போது வெட்டை மாத்திச் செதுக்கிட்டுப் போயிருக்கான்"னு கூட்டத்துல சொன்னான். அண்ணேன்னு கூப்பிட்ட டிரைவர் மணலைப் பாத்துட்டு நின்னான். அவனுக்கும் வேலை வேணும்லா.

நான் போறதுக்கு முந்தியே பேச்சு வீட்டுக்குப் போயிட்டு. பொண்டாட்டி சோறு போட்டா. ஒரு வாய் வைக்கும்போது பைய கேட்டா.

"மாதா மேல ஆணையா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. செதுக்குனியளா?"