பிரசங்கத்து டீ

எனக்கு உட்கார வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. எனக்கு இது. சாப்பாடு என்றால் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு தட்டைக் கையில் ஏந்திக்கொள்வேன். டிவி பார்ப்பது ஒரு கால் ஹாலிலும் ஒரு கால் வாசலிலும் வைத்துத்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை தாலி கட்டி முடிப்பதற்குள் எத்தனையாவது பந்தி ஓடுகிறது என்று மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஏனென்றால் என் பிழைப்பே உட்கார்ந்து பார்க்கிற பிழைப்பு. கூடலூரிலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறேன். விடியும் முன்னே காய் பறிக்கிற பொம்பளைகள், தூக்குச்சட்டி, ஓயாத பேச்சு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குமுளிக்கு வளைந்து வளைந்து ஏறுவேன். பொழுது சாய இறங்குவேன். ஒரு நாளும் அலுத்ததில்லை. ரொம்ப நாள் யோசித்துத்தான் கண்டுபிடித்தேன்: உட்காருவதில் எனக்குத் தகராறு கிடையாது. உட்கார்ந்த இடம் நகர வேண்டும், அவ்வளவுதான். தேக்கடியில் போட் ஏறியபோது இறங்குகிற வரைக்கும் அசையாமல் இருந்தேனே! அதே நான் சுருளி அருவிக்குப் போனால் தலை துவட்டும் முன்னே "போவமா?" என்று ஆரம்பித்துவிடுவேன். "அப்பாவுக்குச் சுத்திப் பாக்கப் போறதுன்னா போறது மட்டுந்தான், பாக்குறது கெடையாது" என்பாள் என் மகள். நர்ஸிங் படிக்கிறாள். வாய் கொஞ்சம் கூட.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதான் என் கஷ்டகாலம். அன்று மலைக்கு வண்டி கிடையாது. காலையில் ஜீப்பைக் கழுவுவேன். டயரை ஒரு உதை உதைத்துப் பார்ப்பேன். பிரிட்ஜைத் திறப்பேன், மூடுவேன். "அதுக்குள்ள என்ன புதுசா மொளச்சிருக்குன்னு பாக்குறீக?" என்று என் வீட்டுக்காரி சத்தம் போடுவாள். நல்லவேளை, எட்டு மணிக்குக் கோயில் மணி அடித்துவிடும்.

எங்கள் ஊர் வேதக்காரர் ஊர், அதாவது கிறிஸ்தவர்கள் ஊர். கோயில் பெரிசு, ஊரே உள்ளே கொள்ளும். ஆனாலும் ஆம்பளைகள் பூசை பார்ப்பதற்கு என்று எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. வாசல் வரைக்கும்தான் போவோம். உள்ளே போக மாட்டோம். நானும், மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒரு மாப்பிள்ளையும், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரும் இடது பக்கக் கதவுக்கு நிரந்தர ஆட்கள். ஒரு காது பூசைக்கு, ஒரு காது ஊர்க்கதைக்கு. நற்செய்தி வாசித்து முடித்து, சாமியார் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமினாரோ இல்லையோ, எதிர்த்த டீக்கடைக்கு நடையைக் கட்டிவிடுவோம். இதற்குப் பிரசங்கத்து டீ என்று பெயர். பாவம் ஒன்றும் இல்லை, கோபுரத்து ரேடியோ குழாய் டீக்கடை வரைக்கும் கேட்கும். சாமியார் மூன்றாவது தடவை "ஆகவே" என்றால் முடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அவசரம் இல்லாமல் கிளாஸை வைத்துவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குச் சரியாக வந்து வாசலில் நின்றுகொள்வோம். பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வார்களே, அது எங்கள் மூன்று பேருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த நேரத்தில் நாங்கள் ஊரில் இருந்தால்தானே!

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வினை வந்தது.

தெருவுக்கு ஒரு குழு, வாரத்துக்கு ஒரு குழு பூசையை முன்னின்று நடத்த வேண்டும். பாட்டு, வாசகம், காணிக்கை எல்லாம் அந்தக் குழு பார்த்துக்கொள்ளும். எங்கள் தெருவில் வழக்கமாக வாசிக்கிற பிள்ளை புருசனோடு திருப்பூருக்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் நான் வண்டியை விட்டு இறங்கி வருகிறேன், வீட்டுக்காரி முகமெல்லாம் வேர்த்து நிற்கிறாள்.

"ஏங்க, என்னய மொத வாசகம் வாசிக்கச் சொல்லிட்டாக."

"வாசி. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? ஊரே உக்காந்திருக்கும்."

அவள் பால்வாடியில் ஆயா. ஒரு அதட்டுப் போட்டால் முப்பது பிள்ளைகள் வாயைப் பொத்தும். ஆனால் வளர்ந்த ஆட்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவளுக்குச் சொல் வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை மேடையேறி, பாதியில் நின்று, அழுது இறங்கியவள். அதைக் கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு மட்டும் உள்ள வந்து உக்காருங்க. எனக்குத் தெரியிற மாதிரி, முன்னால."

"முழுப் பூசைக்குமா?"

"இல்ல, பாதிப் பூசைக்கு டிக்கெட் எடுத்துத் தாரேன்!" என்றாள். "கல்யாணத்தன்னைக்கு உக்காந்தீகல்ல? அதுக்கப்புறம் நான் எதுவும் கேட்டேனா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எழுந்து போய்விடுவது என் வழக்கம். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் போக மட்டும் செய்தேன். வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் தண்ணீரைப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்தால் வாசல்காரப் பயல்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். ஆனால் பாதியில் எழுந்து ஓடிவிட்டால்? அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? அதுதான் என்னைப் போட்டுக் குடைந்தது. திரும்பி வந்து, "சரித்தா, உக்காருறேன்" என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

மறுநாளே மகள் பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். லீவுக்கு வந்த பிள்ளைக்கு வேறு வேலை இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் அம்மா, கையில் காகிதம். எதிரே பிளாஸ்டிக் சேரில் அப்பா. செல்போனில் மணி பார்த்துக்கொண்டு நடுவில் இவள். அம்மா வாசிக்க வேண்டும், அப்பா உட்கார வேண்டும்.

முதல் நாள் நாலு நிமிஷம். மறுநாள் ஏழு நிமிஷத்தில் கரண்டு போனது, மோட்டார் சுவிட்சை அணைக்க வேண்டாமா என்று எழுந்தேன். "அதெல்லாம் நான் அமத்திக்கிருவேன், இங்கன உக்காருப்பா!" என்று பிள்ளை அதட்டினாள். உட்கார்ந்தால் முழங்கால் தன்னால் ஆடுகிறது. முதுகில் அரிக்கிறது. எங்கேயோ கேஸ் கசிகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரிக்கோ வேறு தொல்லை. வாசகத்தில் நாலைந்து தேசத்துப் பெயர்கள் வரிசையாக வந்தன. அதில் மூன்றாவது பெயரில் ஒவ்வொரு தடவையும் கல் தடுக்கின மாதிரி விழுந்தாள். இட்லி மாவைக் கரைக்கும்போதும் அந்தப் பெயர்தான், துணி காயப்போடும்போதும் அந்தப் பெயர்தான். இரண்டு வாரத்தில் வாசகம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மலை ஏறும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை பயந்துபோய், "என்னண்ணே, பிரேக்கு பிடிக்கலையா?" என்றது.

கடைசிச் சனிக்கிழமை பத்தொன்பது நிமிஷம் இருந்தேன். அவளும் தடுக்காமல் வாசித்தாள். "ரெண்டு பேரும் பாஸு" என்றாள் மகள்.

ஞாயிறு காலையில் வீட்டுக்காரி மற்றப் பெண்களோடு முன்னாடியே போய்விட்டாள். போகும்போது, "வந்துருவீகல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான் போனபோது மணி அடித்துவிட்டது. வாசலில் என் ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"ஏலே மாப்ள, எங்கன போற? வழி தவறிட்டயா?"

 நேரே நடந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதும் துக்கமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். பவனியாக வந்த சாமியார்கூட என் பக்கம் வந்ததும் ஒரு எட்டு தயங்கின மாதிரி இருந்தது. என் கால் ஆட, பெஞ்சு ஆட, பெஞ்சோடு சேர்ந்து அஞ்சு பேர் ஆடினோம். பெரியவர் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் எழுந்து வந்தாள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஊதாச் சேலை. கையில் காகிதம். மைக் முன்னால் நின்று தலையை நிமிர்த்தினாள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, இந்தா இருக்கேன் என்கிற மாதிரிப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளுக்கும் மேலாக, வாசலைப் பார்த்தாள். இடது பக்கக் கதவை.

அங்கே நான் இல்லை. பால்வாடியில் ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் அவளுக்கு ஒரு முகம் வரும். அந்த முகம் வந்தது. காகிதத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மைக் கொய்யென்று இரைந்தது. யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் ஒரு குசுகுசுப்பு. அய்யய்யோ, பள்ளிக்கூடத்து மேடை மறுபடியும் வந்துவிட்டதே என்று பதறினேன். "இங்கன இருக்கேன்ப்பா, இங்கன!" என்று உள்ளுக்குள் கத்தினேன். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கிப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை.

எழுந்து நின்றுவிட்டேன்.

ஊரே உட்கார்ந்திருக்கிறது. நான் ஒருத்தன் நெட்டையாக நிற்கிறேன். "உக்காருப்பா, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரியவர் வேட்டியைப் பிடித்து இழுக்கிறார். நான் அசையவில்லை. என்னடா சலசலப்பு என்று அவள் நிமிர்ந்தாள். பார்த்தாள்.

 வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் வரி தந்தி அடித்தது. இரண்டாவது வரியில் குரல் பிடித்துக்கொண்டது. வரி முடிகிற இடத்திலெல்லாம் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பெயர் வரிசை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவதற்கு முன்னால் நின்றாள். என் வாய் தன்னால் அந்தப் பெயரைச் சொல்லியது, சத்தமில்லாமல். அவளும் சொன்னாள், சரியாக. "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று அவள் முடித்தபோதுதான் நான் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லிக் கூப்பிட்டாள், நின்றே தொலைத்தேன்.

அன்றைக்குப் பிரசங்கம் முழுசும் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீளம்தான்.

மத்தியானம் அடுப்படி நிலையில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவெல்லாம் அவளை மெச்சிவிட்டுப் போயிருந்தது. எனக்கு மட்டும் ஒன்று புரியவில்லை.

"முன்னால வந்து உக்காரச் சொன்ன. வந்து உக்காந்தா நீ ஏன் வாசலப் பாத்த?"

"பழக்கந்தான்" என்றாள்.

"என்ன பழக்கம்?"

"வாசகத்துக்கு உக்காரையில ஒரு தடவ திரும்பிப் பாப்பேன். அங்கன நிப்பீக. பிரசங்கம் முடிஞ்சு எந்திரிக்கையில ஒரு தடவ பாப்பேன். இருக்க மாட்டீக." சோற்றைப் பிசைந்தாள். "இன்னைக்கு வாசகத்துக்கே காணோம். சரி, இந்த மனுசன் இன்னைக்குச் சீக்கிரமே டீக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான், கண்ணு இருட்டிருச்சு."

"வாராவாரமா பாப்ப?"

"வாராவாரந்தான்."

குறையாகச் சொல்லவில்லை. அப்பளம் வேண்டுமா என்று கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நான் டீக்கடை பெஞ்சு ஓரமாக நின்று கதை பேசிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஒருத்தி எழுந்து நின்று, வாசலைத் திரும்பிப் பார்த்து, ஆள் இல்லை என்று தெரிந்து, முன்னால் திரும்பியிருக்கிறாள். ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று அவள்மேல் கோபம் வந்தது. பிறகு என்மேல் வந்தது. எழுந்து போகலாம் என்றால், நின்றுகொண்டுதானே இருக்கிறேன். போகவும் மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் உள்ளே போகவில்லை. பெஞ்சு எனக்கு ஆகாது, அதை அவளே ஒத்துக்கொண்டாள். பழையபடி இடது பக்கக் கதவு. சாமியார் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை என் முழங்கையைத் தட்டினான்.

"வரலையா?"

"நீங்க போங்க."

"ஒடம்புக்கு முடியலையாலே?"

"போங்கன்னா போங்கலே!"

போய்விட்டார்கள். என் காலும் அவர்களோடு போகப் பார்த்தது. இடது காலை மாற்றி வலது காலில் நின்றேன். மின்விசிறிகளை எண்ணினேன். டீ ஆற்றுகிற வாசனை சாலையைத் தாண்டி வந்தது. முதல் "ஆகவே" வந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் குமுளிக்குப் போய் வந்துவிடலாம் போல இருந்தது.

ஒருவழியாகப் பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் பக்கம், ஆறாவது வரிசையில், ஒரு முக்காடு திரும்பியது.

இருந்தேன்.