கபீரைப் பார்க்க வந்தவர்கள்

கபீர் சண்டை விலக்கப் போனால் சண்டை பெரிதாகும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டு பேர் சட்டையைப் பிடித்தால் இவர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போவார். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். மற்றபடி தங்கமான மனுஷன். ஆப்பிரிக்காவில் எட்டு மாதம் போர்வெல் லாரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். மலேரியா. மறுநாள் மனைவி ரிஸானாவையே யாரென்று கேட்டார். சாயங்காலம் நினைவே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர் வடிவாம்பாள் பொறுமையாகச் சொன்னார்: "கிருமி புகுந்த ரத்த அணுக்கள் மூளையோட சின்னக் குழாய்கள்ல ஒட்டிக்கிட்டிருக்கு. அதை அடிக்க இவரோட எதிர்ப்பு அணுக்களே கூட்டமா அங்க போகுது. அந்த அடியில குழாய்ச் சுவரும் கெட்டு, நீர் கசிஞ்சு, மூளை வீங்குது. கிருமியைக் கொல்ல ஊசி நேரத்துக்குப் போயே ஆகணும்."

கபீரின் புளியங்குடி மாமா முகம்மது மைதீன் ஒப்புக்கொள்ளவில்லை. "எதிர்ப்புச் சக்தியால எவனுக்காவது கேடு வருமா? டாக்டரம்மா வேலைக்குப் புதுசு போல" என்று ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தை ஐசியூ வாசலில் இறக்கினார்.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் போய்ப் பார்க்காதவன், அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எதிர்பார்க்கக் கூடாது. மறுநாள் காலை இரண்டு வேன், ஏழு ஆட்டோ வந்தன. நடைபாதையில் ஜமுக்காளம் விரித்தார்கள். யார் முதலில் உள்ளே போவது என்று இரண்டு பேருக்குள் தகராறு. விலக்க நாலு பேர் எழுந்தார்கள், அந்த நாலு பேரை விலக்க எட்டுப் பேர். மூட்டை அவிழ்ந்து பழமெல்லாம் உருண்டது. நர்ஸ் அப்ரீன் பானு ஊசித் தட்டோடு மறுகோடியில் நின்றாள், நகர வழியில்லை.

அதிர்ந்து பேசாத ரிஸானா பெஞ்சின் மேல் ஏறினாள்.

"எல்லாரும் அவுகளைக் காப்பாத்தத்தான் வந்திருக்கிய. இப்படி அடைச்சிக்கிட்டு நின்னியன்னா அவுக மவுத்தாயிருவாக! கிளம்புங்க!"

"என்னையுமா போகச் சொல்லுத?" என்றார் மாமா.

"முதல்ல நீங்கதான் மாமா."

அத்தனை பேரும் ரோஷத்தோடு போனார்கள். மாமா பழங்களைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனார். ஊசி உள்ளே போனது.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை, ஒரு போன்கூட இல்லை. மூன்று நாள் ரிஸானா மட்டும் அந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

நாலாம் நாள் கபீர் கண்விழித்தார். நடந்ததையெல்லாம் கேட்க அவருக்குத் தெம்பில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போனது.

"ஏட்டி ரிஸானா, சாகக் கிடந்திருக்கேன். ஒருத்தர்கூடப் பாக்க வரலியா?"

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.