குறையில்லாத சேம்பிள்

எங்கள் ஓனர் லிங்கசாமிக்கு ஒரு பழக்கம். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சேம்பிள் பனியனை வீணாக்க மாட்டார், தானே போட்டுக்கொள்வார். ஒரு கை நீளமாக இருக்கும், கழுத்து கோணியிருக்கும். நல்லூரில் அறுபது தையல் மெஷின் வைத்துப் பனியன் கம்பெனி ஓட்டுகிற மனுஷன் அப்படி வந்து நின்றால் எனக்குத்தான் மானம் போகும். பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற என் வேலைக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். ஆபீசில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான், அதனால் எல்லா மெயிலும் என் தலையில்தான்.

2007இல் அவர் மகன் ரித்தீஷ் இங்கிலாந்தில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஒரு பேராசிரியை மெயில் அனுப்பினார். வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி ஆராய்ச்சியாம். அவர் எடுத்த சேம்பிளில் ரித்தீஷும் இருக்கிறானாம். பெற்றோரிடமும் நாலு கேள்வி கேட்க வேண்டுமாம்.

"சேம்பிளா! அத்தன பேர்ல நம்ம பையனையா எடுத்திருக்கறாங்க?"

"இது வேற சேம்பிள் சார்" என்றேன். காதில் வாங்கினால்தானே! பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். கையோடு மகனுக்குப் போன் போட்டார்.

"கண்ணு, சேம்பிள்ல ஒரு குத்தம் தெரியக்கூடாது பாத்துக்க. என்ன கேட்டாலும் நல்லா இருக்கறேன்னே சொல்லோணும்."

பேராசிரியையின் நாலு கேள்விக்கும் அவர் சொன்னது ஒரே பதில்: பையனுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் வெட்கமில்லாமல் அதை நாலு தடவை டைப் அடித்தேன்.

அடுத்த வருஷம் ஆராய்ச்சி அறிக்கை வந்தது. மாணவர்களுக்குப் பெயர்கள் இல்லை, எண்கள்தான். கடைசிப் பக்கத்தில், இதை இன்னும் ஆராய வேண்டும் என்று முடித்திருந்தார்கள். நல்லா ஆராய்ந்தார்கள் போங்கள்! "நம்ம பையனப் பத்தி என்ன போட்டிருக்குதுங்க, அம்மணி?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஓனர். ஏழாம் எண் மாணவன் சொன்னதற்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க? படிங்க."

தமிழாக்கிப் படித்தேன். "இரண்டு பாடத்தில் தேறவில்லை. துணிக்கடை ஒன்றில் பனியன் மடிக்கிறேன். பேசவும் ஆளில்லை. அப்பாவிடம் சொல்ல முடியாது. சேம்பிளில் குறை தெரியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போட்டிருந்த கோணல் பனியனின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"கண்ணு, ரிட்டர்ன் வந்த சேம்பிளை எல்லாம் நம்ம ஊட்டுல யாரு போட்டுக்கறது? நாந்தானே? நீ பொறப்பட்டு வா சாமி."