ஐயாயிரத்துக்கு மேல் வேண்டாம்

"வாடையே இல்லையேக்கா," என்றார் கொட்டகையைப் பார்க்க வந்த கோழிக் கம்பெனி சூப்பர்வைசர்.

"முதல்ல மூக்குல இருக்கற கைக்குட்டையை எடுங்க தம்பி," என்றாள் சித்தி.

எடுத்தார். நின்றபடியே மூச்சை இழுத்தார். "இப்பவும் பெருசா ஒண்ணும் தெரியலையே."

"உங்க மூக்கு ரொம்ப உசரத்துல இருக்கு. கோழி மூக்கு எங்க இருக்குன்னு பாருங்க. முட்டி போடுங்க."

"பேன்ட் அழுக்காயிடும்க்கா."

"அதுங்க அந்த உமியிலதானே படுத்துக் கிடக்குதுங்க?"

அசடு வழியக் குனிந்தவர், பத்து எண்ணுவதற்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்.

"இது ஐயாயிரம் கோழிக்கு. இனிமே இதே கொட்டகையில ஆறாயிரம் விடச் சொல்றீங்க," என்றாள் சித்தி.

"நானா சொல்றேன்? மேல இருக்கறவங்க சொல்றாங்க. வேண்டாம்னா பாரத்துல காரணம் எழுதிக் குடுங்க. ஆனா ஒண்ணுக்கா, மாட்டேன்னு சொன்ன ரெண்டு பேருக்குக் கம்பெனி இன்னும் வளர்க்கக் குஞ்சு இறக்கலை."

சித்தி எடுத்த எடுப்பிலேயே இப்படி இருந்தவள் இல்லை. முதல் வருடம், ஒரு குளிர்காலத்தில், குஞ்சுகள் நடுங்கக் கூடாதென்று பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கி இறுக்கிக் கட்டிவிட்டாள். குஞ்சுகள் வளர்ந்து கோழியான பிறகும் அவிழ்க்கவில்லை. அவளுக்கு அப்போது கடுமையான ஜலதோஷம். எச்சத்தில் ஊறி ஈரமான உமியின் நெடி உள்ளேயே தங்கியது அவள் மூக்குக்கு எட்டவே இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு கோழி எழ மாட்டாமல் எழுந்ததைத் தூக்கிப் பார்த்தாள். பாதம் கருகினாற்போல் புண். அடுத்ததைத் தூக்கினாள். அதற்கும் அப்படித்தான். அன்று மத்தியானமே படுதாக்களை அவிழ்த்துவிட்டாள்.

அதிலிருந்து தினம் இரண்டு வேளை கொட்டகையின் நான்கு மூலையிலும் முட்டி போடுவாள். ஒரு பிடி உமியை அள்ளி அழுத்துவாள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் அந்த இடத்தைக் கிளறி, புது உமி போட்டு, தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறதென்று தேடுவாள். "உங்க சித்தி பொழுதன்னைக்கும் கோழிக்குக் கும்பிடு போடுறா," என்று வீட்டோடு இருக்கும் அக்கா மகளிடம் சித்தப்பா கிண்டலடிப்பார். "உங்களுக்குப் போடறதுக்கு அது தேவலை," என்பாள்.

சூப்பர்வைசர் போனதும் பாரம் அக்கா மகளிடம் வந்தது. கம்பெனி பாரங்களில் எழுதும் மொழி வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் வைத்து நிதானமாகப் படித்தாள். காரணங்கள் என்று நான்கு கட்டங்கள் இருந்தன: நோய், தண்ணீர்த் தட்டுப்பாடு, கட்டடப் பழுது, சொந்தக் காரணம்.

"ஏதாவது வாயைத் திறந்து சொல்லுடி, ஊமைக்கோட்டான்," என்றாள் சித்தி.

"சொந்தக் காரணம்னு போட்டுடலாம் சித்தி. யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. உடம்பு சரியில்லைன்னு நினைச்சுக்குவாங்க. அடுத்த தடவை குஞ்சு வந்துடும்."

"எத்தனை?"

அவள் பேனா மூடியைத் திருகினாள்.

"ஆறாயிரம்தானே வரும்?"

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். கொட்டகை காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பது அந்த மூன்று பேருக்கும் தெரியும். வேறு வருமானம் இல்லை. அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து மனைவி பக்கம் நகர்த்தி வைத்தார்.

சித்தி ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு பாரத்தின் ஓரத்தில், எதுவும் அச்சிடாத வெள்ளை இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க எழுது. கோழிக்கு இடம் பத்தாதுன்னு எழுது. எனக்கு முடியலைன்னு மட்டும் எழுதிடாதே, கண்ணு."