விண்கப்பலில் ஆள் படுக்கிற இடம்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் யாகப்புவின் மகள் கிறிஸ்ரினா விண்கப்பல் செய்கிறாள் என்று சொன்னால் கேட்கிற ஆள் முதலில் சிரிக்கும். பிறகு, எந்த யாகப்பு என்று கேட்கும். மீன்பிடி இழுவைப் படகு ஓட்டின றோலர் யாகப்புதான். இரண்டு தாரம் கட்டின சூசைமுத்துவின் மூத்த தாரத்துப் பிள்ளை. யாகப்புவைக் கடலும் கொண்டுபோகவில்லை, சண்டையும் கொண்டுபோகவில்லை, கடைசியில் சீனிவியாதி கொண்டுபோனது. யாகப்புவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கச்சி, கத்தரீனா. கத்தரீனாவுக்கு ஒரே மகன், எமில்ராஜ். அந்த எமில்ராஜைத்தான் கிறிஸ்ரினா கட்டினாள். சொந்த மச்சான் என்றபடியால் கோயிலில் உத்தரவு எடுத்துக் கட்டின கலியாணம். ஆகவே கத்தரீனா அவளுக்கு இரண்டு வழியாலும் மாமி.

அவள் செய்கிற கப்பல் கொம்பியூட்டருக்குள் இருக்கிறது. கையால் தொட ஏலாது, ஆனால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், கதவைத் திறந்து உள்ளே போகலாம். திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு மாடியில் அருந்ததி என்ற சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை அந்தத் தொழிலை நடத்துகிறாள். வெளிநாட்டில் கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிற ஆட்களுக்கு இங்கேயிருந்து கப்பலும் கட்டடமும் செய்து அனுப்புவார்கள். கிறிஸ்ரினா அங்கே வேலைக்குச் சேர்ந்து முதன்முதல் செய்த கப்பலைப் பார்த்துவிட்டு அருந்ததி கேட்டாள்:

"கிறிஸ்ரி, எல்லாம் வடிவு. உந்தப் பின்பக்கத்து ஓட்டை என்ன?"

"தண்ணி வடிய விடுறதுக்கு அக்கா."

"எந்தத் தண்ணி?"

கிறிஸ்ரினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பிறந்த நாள் தொடக்கம் கண்ட வள்ளம் ஒவ்வொன்றிலும் அடியில் அந்த ஓட்டையும் அதற்கு ஒரு அடைப்பும் இருந்தது. கை தன்பாட்டில் வைத்துவிட்டது.

"எங்கடை ஐயா செய்திருந்தா உதுக்குள்ளை புகையிலைக்குப் பாத்தி கட்டியிருப்பார்," என்று அருந்ததி சொல்ல, அந்த மாடியே சிரித்தது.

அருந்ததி கெட்டிக்காரி. கப்பல் பொய்யாய் இருக்கலாம், ஆனால் பார்க்கிற ஆளுக்குப் பொய்யாய்த் தெரியக்கூடாது என்பாள். விண்வெளியில் காற்றில்லை. ஆகவே எஞ்சின் வெக்கை தானாய்ப் போகாது, அதை வெளியே விட அகலத் தகடு வேண்டும். கிறிஸ்ரினா அந்தத் தகடுகளைத் திருக்கை மீனின் செட்டை மாதிரி இரண்டு பக்கமும் விரித்துச் செய்தாள், வெளிநாட்டு ஆட்கள் அதைப் பார்த்து மெச்சினார்கள். இன்னொன்றும் அருந்ததி சொல்லிக்கொடுத்தாள். உள்ளுக்குள் ஒரு ஆள் உருவத்தை நிறுத்தாமல் ஒரு கதவும் செய்யக்கூடாது. ஆள் நின்றால்தான் கதவின் உயரம் தெரியும்.

கிறிஸ்ரினா செய்த ஆள் உருவம் எமில்ராஜின் அளவு. அவளுக்கு விரற்கடை வரைக்கும் தெரிந்த ஆண் உடம்பு அது ஒன்றுதான். வீட்டுக் குசினி வாசலால் அவன் தோளைச் சரித்துத்தான் நுழைவான். அந்தத் தோள்தான் அவள் செய்த விண்கப்பல் எல்லாவற்றிலும் வாசலின் அளவு.

எமில்ராஜ் வீட்டில் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று தொழில் படுத்த வருசம், அவனும் கிறிஸ்ரினாவின் தம்பி கிறிஸ்ரோபரும் களவாய்த் தூர தேசம் போகிற றோலர் ஒன்றில் ஏறினார்கள். மச்சானும் மச்சானும் ஒன்றாய்ப் போகினம், ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை என்று கத்தரீனா சொல்லி அனுப்பினாள். கனநாள் கழிந்து, பிடித்து வைத்திருந்த அந்தத் தேசத்துக்காரர் கிறிஸ்ரோபரை மட்டும் பிளேனில் திருப்பி அனுப்பினார்கள். விமான நிலையத்தில் கத்தரீனா அவனுடைய கன்னத்தைத் தடவினாள், தடவிக்கொண்டே அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அத்தானை வேறை போட்டிலை மாத்தி ஏத்தினவங்கள் மாமி," என்றான் கிறிஸ்ரோபர். "எங்கை இறக்கினவங்கள் எண்டு தெரியேல்லை."

அந்தச் சொல்லில்தான் மூன்று வருசமாய் அந்த வீடு இருந்தது. ஏதோ ஒரு முகாமில் யாழ்ப்பாணத்துப் பொடியள் இருக்கினமாம் என்று எவராவது சொன்னால், கத்தரீனா போய் அந்தச் சொன்ன ஆளின் வாசல் படலையில் நிற்பாள். மகன் பிறந்தநாளுக்கு அவன் சுகத்துக்கென்று பூசை கொடுப்பாள். ஒருமுறை கோயிலில் பெயர் வாசித்தவர் கைபிசகாய் எமில்ராஜின் பெயரை மரித்த ஆட்களோடு சேர்த்து வாசித்துப்போட்டார். கத்தரீனா பூசை நடுவில் எழும்பி, "ஆற்றை பிள்ளையை ஐயா சாகக் குடுக்கிறியள்? என்ரை பிள்ளை இருக்கிறான்!" என்று கத்தினாள். சுவாமியார் பீடத்தை விட்டு இறங்கி வந்து கும்பிட்டு இருத்தவேண்டியதாய்ப் போயிற்று. பக்கத்தில் நின்ற கிறிஸ்ரினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கமில்லை. மாமிக்கு இருந்த நிச்சயம் தனக்கு இல்லையே என்ற பயம். இருக்கிறாரோ இல்லையோ என்று ஒரு சொல் தெரிந்தால் போதும் என்று அவள் கேட்காத புனிதர் இல்லை. தம்பியைக் கேட்டால் அவன் எழும்பிப் போய்விடுவான். கடலுக்கும் அவன் பிறகு போகவில்லை. ஐஸ் செய்கிற பக்டறியில் ஐஸ்கட்டி தூக்குகிற வேலை.

இப்படி இருக்கையில்தான் அருந்ததியின் மாடிக்கு ஒரு புதுக் கப்பல் வேலை வந்தது. எரிந்துபோன ஒரு உலகத்தை விட்டுச் சனம் ஒளித்து ஓடுகிற கதை. சாமான் ஏற்றுகிற கப்பலின் அடித்தட்டில் சனத்தை அடைத்துக்கொண்டு போகவேண்டும். "இதுக்குள்ளை மாசக்கணக்கிலை சனம் இருந்தது எண்டு பாத்தவுடனை தெரியவேணும்," என்றாள் அருந்ததி. கிறிஸ்ரினா இரண்டு தரம் செய்து காட்டினாள். இரண்டும் வைத்தியசாலை வாட்டு மாதிரி இருக்கு என்று திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சாப்பிட வந்த தம்பியை அவள் கூப்பிட்டாள். "தம்பி, உதிலை கொஞ்சம் இரு. இது விளையாட்டுக் கப்பல்தான். பிழை எது எண்டு மட்டும் சொல்லு."

முதலில் அவன் சிரித்தான். "இதென்னக்கா, கட்டில் போட்டு வைச்சிருக்கிறாய்? ஆர் உனக்குக் கட்டில் தந்தது?"

"அப்ப?"

"பலகை. ஒருத்தன் திரும்பினா மற்றவனும் திரும்பவேணும்." கை தானாய்த் திரைக்குக் கிட்டப் போனது. "உங்கை சாக்குக் கட்டு. பொம்பிளையள் ஒதுங்க. குடிதண்ணிக் கானை உப்பிடி நடுவிலை வைச்சா அடிபிடிதான் வரும், பின்னுக்கு வைச்சு ஒரு ஆளைக் காவலுக்கு விடு. வயித்தைப் புரட்டினா சத்தி எடுக்க ஒரு வாளி. ஒரு வாளி காணாது."

கிறிஸ்ரினா அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். ஆள் உருவங்களை ஒவ்வொன்றாய்ப் பலகையில் கிடத்தினாள். முன்னுக்குக் காற்றுப் படுகிற இடத்தில் தாயும் பிள்ளையும், நடுவில் கிழவர்கள். மூன்று வருசத்தில் தம்பி அவ்வளவு கதைத்ததை அவள் கேட்டதில்லை. கதைக்கட்டும், தடுக்கக்கூடாது என்று மூச்சையும் மெல்லத்தான் விட்டாள்.

கடைசியாய் எஞ்சின் சுவரோடு ஒட்டின ஒரு மூலை வெறுமையாய்க் கிடந்தது. அங்கே படுக்க எவன் சம்மதிப்பான்? எங்கடை ஆட்கள்தான் என்று அவளுக்குப் பட்டது. எண்ணெய் மணம் மற்றச் சனத்துக்குத் தலை சுற்றும், கடல் தொழிலாளிக்கு அது நித்திரை தரும். அவள் எமில்ராஜின் அளவில் செய்த அந்த உருவத்தை எடுத்து, எஞ்சின் சுவரோடு கிடத்தி, தோளைக் கொஞ்சம் சரித்துவிட்டாள்.

கிறிஸ்ரோபர் எழும்பினான். கதிரை பின்னால் விழுந்தது.

"எடு அக்கா."

"ஏன்?"

"உதிலை ஆளை வையாதை. எடு."

"புகை போறதுக்கு வழி வைச்சிருக்கிறன் தம்பி, இஞ்சை பார், குழாய்..."

"குழாய் வெடிச்சிருந்தது!"

 வெளியே எவரோ ஓட்டோவைத் திருப்புகிற சத்தம் கேட்டது. கிறிஸ்ரினா திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவர் உதிலையோ படுத்தவர்?"

"ஓம்."

பிறகு அவன் நின்றபடியே சொன்னான். அத்தானுக்கு மேல்தட்டுக்குக் கிட்ட, காற்றுப் படுகிற இடம் கிடைத்திருந்தது. ஒரு மட்டக்களப்புப் பொம்பிளையின் பிள்ளை சத்தி எடுத்துச் சோர்ந்து கிடக்க, அவர் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு எஞ்சினடிக்குப் போனார். மன்னார்க் கடல்காரன் ஒருத்தனும் கூடப் போனான். புகை மணக்குது, உதுக்குள்ளை படாதையுங்கோ என்று றோலரில் வந்த படித்த பொடியன் ஒருத்தன் சொன்னான். "தம்பி, நாங்கள் பிறந்த வீட்டிலை உதுதானடா சாம்பிராணி," என்று அத்தான் பகிடி விட்டார். அன்று பெரிய மழை. தண்ணீர் உள்ளே அடிக்குது என்று அடித்தட்டின் மூடியைப் போட்டார்கள், வெடித்த குழாயின் புகை உள்ளேயே நின்றது. விடியத் திறந்தபோது இரண்டு பேரும் ஒருத்தனோடு ஒருத்தன் முதுகு ஒட்டிப் படுத்திருந்தார்கள். அத்தானின் முகம் வெய்யிலில் நின்றுவிட்டு வந்த ஆள் மாதிரிச் சிவந்திருந்தது. நித்திரை என்று நினைத்துக் கிறிஸ்ரோபர் தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பிப் பார்த்தான்.

கிறிஸ்ரினா அழவில்லை. அழுகை எங்கேயோ பின்னுக்கு நின்றது. மூன்று வருசமாய்க் கேட்ட சொல் வந்துவிட்டது.

"மாமியிட்டைச் சொல்லு," என்றாள்.

"நீ சொல்லக்கா. என்னாலை ஏலாது."

"நான் சொன்னா மாமி நம்பாது. கண்டது நீ. வா."

கத்தரீனா குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாய் வாசலில் வந்து நின்ற நிலையைப் பார்த்த உடனேயே கை நின்றது. கிறிஸ்ரோபர் நிலத்தில் குந்திச் சொல்லி முடித்தான். கத்தரீனா ஒன்று கேட்டாள்.

"உடம்பைக் கடலிலை விடேக்கை ஆர் செபம் சொன்னது?"

"நான்தான் மாமி."

"முழுக்கச் சொன்னனியோ?"

அவன் தலையைக் குனிந்தான். "இல்லை மாமி. தூரத்திலை ஒரு கப்பல் தெரிஞ்சது. கெதியா விடு, கெதியா விடு எண்டு ஓட்டியள் நெருக்கினாங்கள். எனக்கும் மிச்சம் வாயிலை வரேல்லை."

"செபத்தை எந்த இடத்திலை விட்டனி?"

அவன் விட்ட இடத்தைச் சொன்னான்.

கத்தரீனா கையைக் கழுவினாள். சீலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த நண்டு ஓட்டுக்கு நடுவிலேயே முழங்காலில் நின்றாள். "என்ரை பிள்ளை மூண்டு வருசமா அரைவாசிச் செபத்தோடை கிடக்கிறான்," என்றாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கிறிஸ்ரினா பக்கத்தில் முழங்காலில் விழுந்து கூடச் சொன்னாள். கிறிஸ்ரோபருக்கு அன்றைக்கும் சொல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ஆமென் சொல்லிக் கத்தரீனா சுவரைப் பிடித்து எழும்பினாள்.

"மோனை, நீ அவனைக் கொல்லேல்லை. அது எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா மூண்டு வருசம் என்னை ஊர்ப் படலையெல்லாம் நிக்கவைச்சனி. நீ இனி இந்த வீட்டுப் படி ஏறாதை."

அவன் எழும்பினான். செருப்பைத் தேடினான், கண் தெரியாத ஆள் மாதிரித் தேடினான். கிறிஸ்ரினா எடுத்துக் காலடியில் வைத்தாள்.  

கப்பல் அடுத்த கிழமையே வெளிநாட்டுக்குப் போயிற்று. இப்ப சரி, இதுக்குள்ளை சனம் இருந்திருக்கு என்று பதில் வந்ததாம். அருந்ததி மாடி முழுக்கக் கேக் வாங்கிக் கொடுத்தாள். கிறிஸ்ரினா தன் துண்டைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, அடுத்த கப்பலுக்குக் கதவு செய்யத் தொடங்கினாள். ஆள் உருவம் இன்னும் அதே அளவுதான்.

கிறிஸ்ரோபர் ஐஸ் பக்டறியில்தான். ஞாயிறு பூசை முடிய, கோயில் மதிலோடு நின்று தமக்கையோடு இரண்டு சொல் கதைப்பான். கத்தரீனா அவர்களைக் கடந்து போவாள். போகும்போது நடையைக் கொஞ்சம் மெதுவாக்குகிறாள் என்று கிறிஸ்ரினா சொல்கிறாள். நிற்பதில்லை.