கட்டாயம் வருகிறோம்

பகல் பன்னிரண்டே காலுக்கு யன்னல் திரையை விலக்கியபோது, வேலிக்கு மேலாக ஒரு கடதாசிக் கிரீடம்தான் முதலில் தெரிந்தது. அதை அணிந்தபடி பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹால் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு நத்தார் தினம் அது; கிறிஸ்மஸ் விருந்தில் இங்கே எல்லோரும் அப்படியொரு கிரீடம் அணிவார்கள். நாங்கள் சிட்னியின் நார்த்மீட்டில் குடியேறி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் செப்டம்பரில் கணவரை இழந்திருந்தார்.

முந்திய வாரம் எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது, "கட்டாயம் வருகிறோம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் யார் அழைத்தாலும் அப்படித்தான் சொல்வோம்; போகாவிட்டால் யாரும் தேடுவதில்லை. அதனால் நாங்கள் சோறும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டு முடித்திருந்தோம்.

"ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?" என்றாள் மனைவி.

"மாட்டம் எண்டு முகத்துக்கு நேரே சொல்லலாமே?"

"அப்ப போய் இரண்டாந்தரம் சாப்பிடுங்கோ. பாக்க நானும் வாறன்."

அவர் வீட்டு மேசையில் ஒரு முழு வான்கோழி இருந்தது. கொளுத்தும் டிசம்பர்க் கோடையில் காலை ஆறு மணியிலிருந்து அதை அடுப்பில் வாட்டினாராம். நாங்கள் சைவம் என்று மெல்லச் சொன்னேன். அவர் வான்கோழியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு கதிரையில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்பதை நான் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள், எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மூவரும் தலையில் கிரீடங்களோடு, உருளைக்கிழங்கையும் பூசணியையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டோம். பார்க்க மட்டும் வந்த மனைவி இரண்டு தடவை கேட்டு வாங்கினாள்.

இப்போதெல்லாம் வருகிறேன் என்று சொன்னால் போய்விடுகிறேன்.

அன்று அவர் வேறு எவரையும் அழைத்திருக்கவில்லை.