ரத்தம் திரும்பிய பிறகு

என் மனைவிக்குக் குடல் முறுக்கிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டது. கோவில்பட்டியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். "கருத்திருந்த குடல் சிவந்துட்டு அண்ணாச்சி, வெட்ட வேண்டியதில்ல" என்றார் டாக்டரம்மா. பிழைத்துவிட்டாள் என்று விளாத்திகுளத்து உறவினர்களுக்கெல்லாம் போன் செய்தேன்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. உடம்பு வீங்கி, மூச்சு இரைத்தது. உயிரியல் ஆசிரியராக இருந்த நானே, வராந்தாவில் எல்லோரும் கேட்க, "தப்பாத் தச்சுட்டு மறைக்கியளா?" என்று டாக்டரம்மாவிடம் கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ரத்தமில்லாம பட்டினி கெடந்த குடல் அண்ணாச்சி. ரத்தம் திரும்புனதும், அடிபட்ட செல்லெல்லாம் ஆபத்துன்னு சேதி அனுப்புது. அது ரத்தத்தோடயே நுரையீரல் வரைக்கும் போவுது. அதைக் கேட்டு உடம்பு தன்னோடயே சண்டை போடுது. அடங்குற வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

சொன்னபடியே இருந்தார். மூச்சு சீரானதும், நர்ஸ் சொல்லிக் கேட்ட மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்: "டாக்டரம்மாவையா ஏசுனீய? இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படித்தான் பள்ளிக்கூடத்துல இருந்தீயளோ!"

மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே டாக்டரம்மா, "மதினி கஞ்சி குடிச்சாவளா?" என்றார். குடித்துவிட்டாள் என்று சொல்லிக் கைகூப்பினேன்.

இப்போதும் மனைவி என்னை ஏசிக்கொண்டேதான் சோறு போடுகிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம், இந்தக் குரலை எனக்குத் திருப்பித் தந்த டாக்டரம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.